பெயர் எழுதாத சீட்டு

மாஹீனின் தகரப் பெட்டியில், புத்தகங்களுக்கெல்லாம் அடியில் ஒரு வெள்ளைச் சட்டை மடித்துக் கிடந்தது. இடது கையிலும் நெஞ்சிலும் ஐந்தாறு பழுப்புக் கறைகள். ரப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் அசையாது. உம்மா இரண்டு தடவை அதைக் கரித்துணிக்குக் கிழிக்கப் போனாள். இரண்டு தடவையும் அவன் பிடுங்கி வைத்துக்கொண்டான். “இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போன சட்டை உம்மா, ராசியான சட்டை” என்றான். உம்மாவும் நம்பினாள்.

திருவட்டாறுக்கு மேற்கே, ஒரு பள்ளிவாசலைச் சுற்றி நாற்பது வீடுகள் இருக்கும் சிற்றூர் அவனுடையது. வாப்பா மீரான் ரப்பர் கடையில் சுமடு எடுப்பவர். ரப்பர் ஷீட் கட்டுகளை லாரியில் ஏற்றி ஏற்றி அவருடைய வலது தோள் இடதைவிட ஒரு விரல் தணிந்துவிட்டது. சுமட்டு மீரான் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவருடைய வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் மாஹீன். முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் கொடுத்த சான்றிதழை வாப்பா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். மரம் கீறி ரப்பர் பாலெடுத்துக் கடைக்கு வருகிற பால்வெட்டுக்காரர்களிடம் “எனக்க மோன் பி.இ. கேட்டியளா” என்று சொல்லாமல் ஒரு கட்டைக்கூடத் தூக்கமாட்டார்.

அந்தச் சட்டையின் கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதம், ஒரு மழைக்காலைப் பொழுது. திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. குழித்துறையில் ரயிலைப் பிடிக்க வேண்டும். கூட்டாளி ஒருவனின் கறுப்பு பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு மாஹீன் சானல்கரை ரோட்டில் பறந்தான். ஒரு பக்கம் ரப்பர் மரங்கள் நிற்கும் விளை, மறுபக்கம் பாசனக் கால்வாய். அதைத்தான் ஊரில் சானல் என்பார்கள். ஒரு வளைவில், கேரியரின் இரண்டு பக்கமும் ரப்பர் பால் கேன் தொங்க, ஒரு ஆள் சைக்கிளில் வந்தார். பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஹேண்டில் எதிலோ தட்டியது. பால் தெறித்தது. “அம்மோ!” என்று ஒரு குரல். பிறகு சானலில் கனமாக ஏதோ விழுந்த சத்தம். தொபக்.

கால்வாயில் கரை தொட்டு வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. மாஹீன் வண்டியை நிறுத்தினான். காலைக்கூட ஊன்றிவிட்டான். திரும்பிப் பார்க்க மட்டும் கழுத்து வரவில்லை. ஏழு நாற்பது. ரயில் போனால் வேலை போச்சு. ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

ஈரப் பாலும் வெள்ளை, சட்டையும் வெள்ளை. கேள்வி கேட்ட மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேலை கிடைத்தது. சாயங்காலம் திரும்பி வருகிற ரயிலில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொரு துளியாகக் கறை பழுத்து வெளியே வந்தது.

அன்று பிடித்தது பயம். விழுந்தது கேனா, சைக்கிளா, ஆளா என்று அவனுக்குத் தெரியாது. பேப்பரில் ஒரு மாதம் தேடினான். செய்தி இல்லை. இல்லாததும் பயமாக இருந்தது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்கிற வாயே காட்டிக்கொடுத்துவிடும் என்று பட்டது. வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது சானல்கரை ரோட்டை விட்டு இரண்டு பஸ் மாறிச் சுற்றி வந்தான். காக்கி உடுப்பைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும். திருவனந்தபுரத்து அறைத் தோழன் வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது செம்பு உள்ளே விழுந்தால், தொபக், மாஹீனுக்குச் சோறு இறங்காது. மெலிந்துபோனான். உம்மா கண்ணேறு என்று நினைத்து ஓதி ஊதினாள், கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். கடைசியில், ஜமாஅத் பெண்களின் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு அறிவிப்பைக் காட்டினாள். இளைஞருக்கான கல்வத் முகாம். வெள்ளி மாலை அஸர் தொழுகைக்குத் தொடக்கம், ஞாயிறு மதியம் லுஹருக்கு முடிவு. மனம் அடங்கும்.

“மூணு நாளு போயிருந்துட்டு வா மக்கா. உனக்க மொகத்தப் பாத்தா எனக்குப் பயமும் பேடியுமா இருக்கு.”

மனம் அடங்கும் என்ற இரண்டு வார்த்தைக்காக அவன் போனான்.

வேளிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன தர்கா. அதை ஒட்டிப் பழைய மதரசாக் கட்டடம். ஆண்கள் பன்னிரண்டு பேர், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் எட்டுப் பேர். வாசலிலேயே போன்களை வாங்கிப் பெயர் எழுதிய துணிப்பையில் போட்டுக் கட்டினார்கள். அவசியம் இல்லாமல் பேசக் கூடாது. தர்காவின் பின்னால், பாறையைச் சுவராக வைத்துக் கட்டிய ஓர் அறை இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஜன்னல் இல்லை. எந்தக் காலத்திலோ ஓர் இறைநேசர் நாற்பது நாள் தனித்திருந்த இடம் என்றார்கள். ஞாயிறு காலை அதற்குள் ஆளுக்குக் கால் மணி நேரம் தனியே இருக்க வேண்டும். அந்தத் தனிமைக்குத்தான் கல்வத் என்று பெயர்.

வெள்ளி மாலை திக்ர் நடந்தது. வட்டமாக உட்கார்ந்து, இறைவன் பெயரை மூச்சோடு சேர்த்து இழுத்து, மூச்சோடு சேர்த்து விடுவது. முதலில் பன்னிரண்டு குரலாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் ஒரே மூச்சாக ஆயிற்று. மாஹீனின் தோள் தளர்ந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கண் தானாக மூடியது. அப்போது வெளியே ஹவுள் தொட்டியில் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்த யாரோ குவளையைக் கைதவற விட்டார்கள்.

தொபக்.

அவன் உட்கார்ந்த இடத்தில் ஒரு சாண் எழும்பிப்போனான். பக்கத்தில் இருந்தவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

திக்ர் முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் வந்தது. முகாமின் விதியை ஒருவர் படித்தார். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் ஊரில் வீடு வீடாக ஏறி, “ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொருத்தம் தரணும்” என்று மன்னிப்புக் கேட்பதை மாஹீன் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறான். அதே பொருத்தம்தான் இங்கேயும். கல்வத்துக்குள் நுழைவதற்கு முன் ஒரே ஒரு ஆளிடமாவது போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். யாரை எதிரே கண்டால் அதிகம் பயமோ அந்த ஆளின் பெயரைச் சீட்டில் எழுதவேண்டும். நாளை லுஹர் தொழுததும் கதவு திறக்கும், அந்தித் தொழுகையான மக்ரிபுக்குள் திரும்ப வேண்டும். தனியே போகக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் துணை. துணைக்குப் போகிறவர் அந்த வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது. திரும்பி வந்ததும் ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்ல வேண்டும்: இவர் பயந்த ஆளிடம்தான் போனாரா?

பென்சில்கள் கீறுகிற சத்தம் கேட்டது. மாஹீனின் பென்சில் நகரவில்லை. பெயர் தெரிந்தால்தானே எழுத? செத்தவன் பெயரா, இருப்பவன் பெயரா? வெறும் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

மாஹீனின் துணை, பக்கத்தில் இருந்த நௌஃபல். தேங்காய்ப்பட்டணத்துக்காரன், மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பேசாமல் இருப்பது அவனுக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். சனிக்கிழமை மதியம் கேட்டைத் தாண்டியதும் மடை திறந்தது.

“வீட்டுக்குள்ளதான பேசப்பிடாது? ரோட்டுல பேசலாம். மொதல்ல எனக்க வேலைய முடிப்போம் மக்கா. பக்கத்துல தக்கலைதான்.”

தக்கலை கடைத்தெருவில் அவனுடைய பழைய முதலாளியின் கடை. அங்கே வேலை பார்த்தபோது கடைக்கு வருகிற ஆட்களையெல்லாம் வளைத்துத் தன் புதுக்கடைக்குக் கூட்டிப்போனவன் இவன். மாஹீன் வாசலில் பேசாமல் நின்றான். உள்ளே பளார் என்று ஒரு சத்தம். நௌஃபல் ஒரு கன்னம் சிவக்க, கையில் எலுமிச்சை பிழிந்த ஒரு நாரங்காச் சோடாவோடு வெளியே வந்தான்.

“ஒரு அடி, ஒரு சோடா. இதுக்கா நாலு வருசம் அந்தத் தெருவுல போவாம கெடந்தேன்? உனக்க ஆளு எங்க?”

“திருவட்டாறு பக்கம்” என்றான் மாஹீன். பஸ் ஏறும்போதே அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான்.

உம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். “என்ன மக்கா, அதுக்குள்ள விட்டுட்டாங்களா?”

மாஹீன் நேரே போய் அவள் முன்னால் நின்றான். “உம்மா, நான் உங்களுக்கு ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொருத்தம் தாங்க.”

“எனக்க பொன்னே, நீ என்ன தப்பு செஞ்ச? எல்லாம் பொருத்தம்தான். அடை சுட்டிருக்கேன், இரு.” அடையும் சாயாவும் வந்தன. நௌஃபல் விதிப்படி வாயை மூடிக்கொண்டு, சாயா போதும் என்று கையை ஆட்டினான், அடை இன்னொன்று வேண்டும் என்று விரலைக் காட்டினான். உம்மா மகனைச் சமையலறைக்குள் இழுத்தாள். “பாவம், அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராதா? பாக்க நல்லா இருக்கானே. அல்லாஹ்வே.”

தெருமுனை திரும்பியதும் ஊமைக்குப் பேச்சு வந்தது.

“அடை ஒண்ணாந்தரம். ஆனா இது செல்லாது கேட்டியா.”

“ஏன்?”

“உனக்க உம்மாவப் பாத்து நீ எங்கலே பேடிச்ச? கேக்கியதுக்கு முன்ன பொருத்தம் தந்தாச்சு. அங்க போனா எங்கிட்ட கேப்பாங்க, பயந்த ஆளுட்டதான் போனானான்னு. நான் பொய் சொல்லமாட்டேன். கன்னத்துல அடி வாங்கிட்டு வந்திருக்கேன், பாத்துக்க.” பிறகு குரலைத் தணித்தான். “நேத்து குவளை விழுந்ததுக்கு நீ துள்ளுன துள்ளல் நான் பாத்தேன். எதுக்கு மக்கா?”

மாஹீன் மதிற்சுவரில் சாய்ந்துகொண்டான். இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது நான்கு வரியில் வெளியே வந்துவிட்டது. பைக், வளைவு, கேன், சத்தம். நௌஃபல் காலிச் சோடாக் குப்பியைச் சுவரின் மேல் வைத்தான்.

“ஆளு இருக்காரா?” என்றான்.

“தெரியாது.”

“அது தெரியாமலா ரெண்டு வருசம் இருந்த? வா, போய்ப் பாப்போம்.”

“செத்திருந்தா?”

“செத்திருந்தா பெஞ்சாதி இருப்பா. பிள்ளைய இருக்கும். நட.”

சானல்கரை ரோடு அன்றைக்கும் அப்படியேதான் கிடந்தது. கால்வாயில் பாதி வெள்ளம். எதிரே ஒரு பைக் வந்தால் மாஹீன் மரத்துக்குப் பின்னால் போய் நின்றான். வளைவைத் தாண்டி ஒரு பெட்டிக்கடை. கடைக்காரப் பெண்ணை யாரோ “ஷைஜா, ஒரு வெத்தில” என்று கூப்பிட்டார்கள். அவள் வெற்றிலையை எடுத்துக் கொடுத்துவிட்டு இவர்களைப் பார்த்தாள்.

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி.

“அக்கா, ரெண்டு வருசத்துக்கு முன்ன... இந்த வளைவுல... பால்வெட்டுக்காரர் ஒருத்தரு சைக்கிள்ல இருந்து...”

“ஞானசிங் அண்ணனையா கேக்குதிய? அந்தா, சிவப்பு ஓட்டு வீடு. ஆளு உள்ளதான் இருப்பாரு. அவரு எங்க போவ?”

ஆள் இருக்கிறார். மாஹீன் கடையின் தூணைப் பிடித்துக்கொண்டான். மூச்சு விட்ட அதே நொடியில் அடுத்த பயம் ஏறியது. இருக்கிற ஆள் முகத்தைத்தானே இனிப் பார்க்க வேண்டும்?

முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். முனை வளைந்த அந்தக் கத்தி வெயிலில் மினுங்கியது. உள்ளே, நாற்காலியில், ஒரு காலை ஸ்டூலில் நீட்டி வைத்தபடி ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர்.

“ஆரு?” என்றாள் அந்த அம்மாள். “இன்சூரன்ஸா?”

“இல்லம்மா. ஐயாவப் பாக்கணும்.”

“நேசம்மா, உள்ள விடு” என்றார் அவர். பிறகு இவனைப் பார்த்து, “இரி மக்கா. உனக்க பேரென்ன? எந்த ஊரு? ஆருக்க மோன்?”

இங்கேயே ஒரு பொய் சொல்லித் தப்பிவிடலாம். இவர் போலீசுக்குப் போனால் கம்பெனி என்ன செய்யும்? கண்ணாடி போட்ட சான்றிதழ் சுவரில் இருக்குமா? நாக்கின் நுனிக்கு வேறொரு ஊர்ப் பெயர் வந்தது. நௌஃபல் வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாஹீன். ரப்பர் கடையில சுமடெடுக்க மீரானுக்க மோன்.”

“சுமட்டு மீரானுக்க மோனா? பி.இ. படிச்ச மோனா?” ஞானசிங்கின் முகம் விரிந்தது. “உனக்க வாப்பா எனக்க ஷீட்ட எத்தன வருசமா தூக்குதாரு. நான் கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ரஸ்க்கும் ஆரஞ்சும் கொண்டு வந்து ஒரு மணிக்கூறு இருந்துட்டுப் போனாரு.”

மாஹீனுக்குக் காது அடைத்தது. ஞானசிங் அடிபட்டது வாப்பாவுக்குத் தெரியும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மறுநாளே தெரிந்திருக்கும், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று. கேட்கப் பயந்த ஒரு கேள்விக்கு எழுநூறு இரவுகள்.

“ஐயா, அன்னைக்கு உங்கள இடிச்சது நான்தான்.”

கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது.

அவர் அவனை நம்பாதவர் போலப் பார்த்தார். “என்ன வண்டி?”

“கறுப்பு. செவப்புக் கோடு போட்டது.”

“ஹெல்மெட்டு?”

“போட்டிருந்தேன். கேன்ல ஹேண்டில் தட்டிச்சு. பால் எனக்க சட்டையில தெறிச்சுது. பின்ன சானல்ல ஒரு சத்தம்...”

“சைக்கிளு” என்றார் ஞானசிங். “சைக்கிளுதான் வெள்ளத்துல விழுந்தது. நான் கரைக்கல்லுல கெடந்தேன்.” காலைத் தடவினார். “நீ வண்டிய நிறுத்துன சத்தம் எனக்குக் கேட்டுது. கால ஊணுனதும் கேட்டுது. வாறான், தூக்குவான்னு நெனச்சேன். பின்ன வண்டி போச்சு.”

மாஹீன் தலையைத் தூக்கவில்லை. நேசம்மாள் கத்தியோடு எழுந்து உள்ளே வந்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவள் அவனைத் தாண்டிப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

“கேட்டியளா? இப்பம் கேட்டியளா? அந்தப் பிள்ள பலிபீடத்துக்கு முன்ன நின்னு வேதத்துல கைய வச்சுச் சத்தியம் செஞ்சானே! நான் இல்ல சித்தப்பா, நான் இல்லன்னு அழுதானே! நம்பினியளா நீங்க?”

மாஹீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞானசிங்தான் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டே. அண்ணன் மகன் ஜெரிஷிடம் அதே மாதிரிக் கறுப்பு வண்டி இருந்தது. விபத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லை மரங்கள் இரண்டைப் பற்றி வாய்ச்சண்டை. இனி இந்த மரத்தில் கத்தி வைத்தால் காலை ஒடிப்பேன் என்று ஜெரிஷ் சொல்லியிருந்தான். மறுநாள் காலையில் கால் ஒடிந்தது.

“ஆஸ்பத்திரியில, சைக்கிளு வழுக்கி விழுந்தேன்னுதான் சொன்னேன். போலீசுல சொன்னா பயலுக்கு மஸ்கட்டு விசா கிட்டாது. ஆனா சபையில சொன்னேன். எல்லாருக்கும் முன்ன நிறுத்திக் கேட்டேன். அவன் சத்தியம் செஞ்சான். நான் ஏத்துக்கல்ல. பத்து நாளுல மஸ்கட்டுக்குப் போனான். ரெண்டு வருசமா வரல்ல.” ஞானசிங் கொஞ்சம் நிறுத்தினார். “நான் ரெண்டு வருசமா திருவிருந்து எடுக்கல்ல. மனசுல பகைய வச்சுட்டு அந்த அப்பத்தத் தொட முடியுமா? எல்லாரும் எழும்பிப் போவாங்க. நான் பெஞ்சுல இருப்பேன்.”

“ஐயா, நான் பொருத்தம்... மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். எங்க எடத்துல ஒரு வழக்கம் உண்டு...”

“தெரியும். உனக்க வாப்பாவுக்க மாமா ஹஜ்ஜுக்குப் போறப்ப எங்கிட்டயும் வந்து கேட்டாரு.” ஞானசிங் கையை உயர்த்தி அவன் பேச்சை நிறுத்தினார். “எனக்க கால எனக்கும் கர்த்தருக்கும் விடு. நீ கேக்க வேண்டிய ஆளு நான் இல்ல மக்கா. நானே கேக்க வேண்டிய ஆளு ஒருத்தன் இருக்கான்.”

“ஜெரிஷுக்க நம்பர் இருக்கா?” என்றான் மாஹீன்.

“எங்கிட்ட இல்ல. அன்னைக்கே அழிச்சுட்டேன்.”

நேசம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து, புருஷனைப் பார்க்காமல், ஒரு பெயரைத் தொட்டாள். திரையில் ‘கேஸ் சிலிண்டர்’ என்று இருந்தது.

“கேஸா?” என்றார் ஞானசிங்.

“ஆமா, கேஸுதான். வாரா வாரம் விளிப்பேன். என்ன இப்பம்?”

மணி அடித்தது. அவள் போனை ஞானசிங்கிடம் நீட்டினாள். அவர் போனைச் சுடுகிற பாத்திரம் போல வாங்கி, அதே வேகத்தில் மாஹீன் கையில் திணித்தார். “நீ சொல்லு. எனக்கு முடியாது.”

“சித்தி, என்ன இந்நேரத்துல? எல்லாருக்கும் சொகம்தானே?” என்றது போன்.

மாஹீன் வாசலைப் பார்த்தான். நௌஃபல் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“நான் சித்தி இல்ல. எனக்க பேரு மாஹீன். உங்க சித்தப்பாவ சானல்கரையில இடிச்சுப் போட்டுட்டு ஓடினது நான். பழி உங்க தலையில விழுந்தது இப்பம்தான் தெரியும். எனக்குப் பொருத்தம் தரணும்.”

அந்தப் பக்கத்தில் இரும்பு அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஜெரிஷ் வேலையிடத்திலிருந்து நடந்து விலகுவது தெரிந்தது, சத்தம் குறைந்தது.

“ஏலே, நீ ஆரு? அவங்க பைசா தந்து சொல்லச் சொன்னாங்களா?”

“இல்ல. சத்தியமா இல்ல.”

“சத்தியம் செய்யாதே. நான் செஞ்சு பாத்துட்டேன்.” குரல் உடைந்தது. “சித்தப்பா அங்க இருக்காரா?”

“இருக்காரு.”

“கேட்டுட்டிருக்காரா?”

மாஹீன் ஸ்பீக்கரைத் தட்டினான். ஞானசிங் வாயைத் திறந்தார். “மக்களே” என்று ஒரு சொல் வந்தது, அடுத்தது வரவில்லை.

பிறகு ஜெரிஷ் சொன்னான். “ஏலே மாஹீனு, எனக்கு உன்னை அடிக்கணும்னு இருக்கு. அடிக்க எட்டாது. நீ ஒண்ணு செய்யி. நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஒன்பது மணிக்கு ஆராதனை. அன்னைக்கு என்ன நிறுத்துன எடத்துலயே போய் நின்னு, எல்லாரும் கேக்கச் சொல்லு. எங்கம்மா மூணாவது பெஞ்சுல இருப்பா. அவ கேக்கணும். பின்ன பொருத்தம் பத்திப் பேசலாம்.”

போன் அணைந்தது.

சர்ச்சுக்குள் முந்நூறு பேர் இருப்பார்கள். வாப்பா கட்டுத் தூக்கும் கடைக்கு ஷீட் கொண்டு வருகிற ஆட்கள் பாதிப் பேர். ஒரு மணி நேரத்தில் திருவட்டாறு வரை தெரிந்துவிடும். வேலை? வழக்கு? மாஹீன் ஞானசிங்கைப் பார்த்தான். வேண்டாம் என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு நொடி ஆசையாகக்கூட இருந்தது. அவர் சொல்லவில்லை. “நான் போதகருட்ட சொல்லி வைக்கேன்” என்றார்.

மக்ரிபுக்கு முன் திரும்பிவிட்டார்கள். கேள்வி வந்தது. “பயந்த ஆளுட்டதான் போனாரு” என்றான் நௌஃபல். “இன்னும் பயந்துக்கிட்டுதான் இருக்காரு.” யாரோ சிரித்தார்கள். மாஹீன் பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்து ஞானசிங், ஜெரிஷ் என்று இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தான். கல்வத்துக்கு அவனுடைய முறை ஞாயிறு காலை ஒன்பது மணி என்று பலகையில் எழுதியிருந்தது. அவன் பெயரை அவனே அழித்தான். போனை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான்.

வீட்டில் வாப்பாவிடம் சொன்னான். சொல்லும்போது சான்றிதழ் மாட்டிய சுவரைப் பார்க்கவில்லை. வாப்பா கடைசி வரை கேட்டார். “நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து, பாவம் ஞானசிங்குன்னு உனக்க உம்மாட்ட இந்த வாசல்ல வச்சுதான் சொன்னேன்” என்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

காலையில் மாஹீன் தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டான். தோள் கொஞ்சம் தொளதொளத்தது. சானல்கரை ரோட்டிலேயே நடந்து போனான். சர்ச் வாசலில் நௌஃபல் நின்றான். “முகாம்ல இருந்து லீவு சொல்லிட்டு வந்தேன். துணைக்காரன் பாதியில விடப்பிடாதுல்லா” என்றான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருவரும் விழித்தார்கள், பிறகு கழற்றினார்கள்.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. அறிவிப்புகளின் கடைசியில் போதகர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். நடுவே நடந்து போகிற அந்த முப்பது அடியில் மாஹீன் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது. மைக் முன்னால் நின்றபோது ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்புகிற சத்தமும் கேட்டது.

“எனக்க பேரு மாஹீன்” என்றான்.

மைக் கீச்சென்று கத்தியது. முந்நூறு பேரும் நிமிர்ந்தார்கள். அவன் அரை அடி பின்னால் தள்ளி நின்று, கறை படிந்த கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.